கரையில் எட்டு மணி நேரம்

சிங்கப்பூரில் புறப்பட்டு, மூன்று நான்கு இரவுகளில் அங்கேயே திரும்பும் சொகுசுக் கப்பல் பயணம் இன்று நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதாகிவிட்டது. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களிலிருந்து ஓர் இரவு விமானத்தில் சென்றால் மறுநாள் மாலை கப்பலில் இருக்கலாம். இப்பயணங்களில் அடிக்கடி இடம்பெறும் துறைமுகங்கள் மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் ஆகும். ஒவ்வொன்றிலும் கப்பல் ஏறக்குறைய ஒரு பகல் பொழுது நிற்கும். அந்தப் பகலைச் சொந்தப் பொறுப்பில் எவ்வாறு திட்டமிடுவது என்பதை, நாங்கள் ஒரு தசரா விடுமுறையில் குடும்பத்தோடு சென்று கற்றுக்கொண்டதை வைத்து இங்கே எழுதுகிறோம்.

பயணச்சீட்டு வாங்கிய சில நாட்களிலேயே கப்பல் நிறுவனத்திடமிருந்து கரைச் சுற்றுலாக்களின் பட்டியல் வந்து சேரும். குளிரூட்டிய பேருந்து, வழிகாட்டி, நான்கைந்து இடங்கள் என்று அமைந்திருக்கும் அதில், கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என டாலரில் குறித்திருக்கும். நால்வருக்கும் கூட்டிப் பார்த்தவர் எவரும், ‘நாமே ஒரு வாடகைக் காரில் போய் வந்தால் என்ன?’ என்று எண்ணுவது இயல்பே. நாங்களும் அவ்வாறே எண்ணினோம். அது தவறான எண்ணமன்று. ஆனால் அந்த விலை வேறுபாட்டுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்க இயலாவிட்டால், பயணிகளை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும். தனியே சென்றவருக்கு அந்த ஏற்பாடு இல்லை. குறித்த நேரத்தில் ஏணி தூக்கப்படும். ஆகவே தனியே செல்வதால் நாம் மிச்சம் பிடிக்கும் தொகை, காப்பீடு எடுக்காமல் விட்டதால் கையில் நிற்கும் பிரீமியத்தைப் போன்றது. தாமதம் என்னும் இடரை நாமே தாங்குகிறோம் என்பதே அதன் பொருள். அவ்வாறு தாங்குவதற்குப் பணக் கையிருப்பைவிட நேரக் கையிருப்பே முதலில் வேண்டும்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுதல்

ஒவ்வொரு நாளும் முந்தைய இரவே அறைக்கு ஒரு தாள் வரும். இப்போது பல கப்பல்களில் அது கைப்பேசிச் செயலியிலும் வருகிறது. அதில் கப்பல் புறப்படும் நேரமும், பயணிகள் கப்பலுக்குள் வந்துவிட வேண்டிய கடைசி நேரமும் தனித்தனியே இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அது புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னதாக இருக்கும்.

எங்கள் தாளில் பினாங்குக்கு, காலை 8.30க்கு இறங்கலாம், மாலை 4.30க்குள் திரும்ப வேண்டும் என்றிருந்தது. எட்டு மணி நேரம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்க முற்படுவதால், குடிநுழைவுச் சோதனையும் கடந்து நாங்கள் வெளியே வந்தபோது 9.15. திரும்பும் பக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்கினால், 3.30க்குத் துறைமுக வாயிலில் இருக்க வேண்டும். மிஞ்சுவது ஆறேகால் மணி நேரம். சாப்பாட்டுக்கும், தாயாருக்குச் சற்று உட்கார இடம் தேடுவதற்கும் ஒரு மணியைக் கழித்தால், எட்டு ஐந்தாகிவிடுகிறது. வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடும்போது முழுச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கைக்கு வரும் தொகையை வைத்தே தவணையைத் தீர்மானிக்கிறோம் அல்லவா? இங்கும் அந்த ஐந்து மணி நேரத்தை வைத்தே இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காலடியில் ஒரு நகரம்

தனியே சுற்றிப் பார்க்க நினைப்போருக்குப் பினாங்கைப் போல வசதியான துறைமுகம் இந்தக் கடற்பகுதியில் அரிது. கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறைமேடை, ஜார்ஜ் டவுன் நகரின் மடியிலேயே இருக்கிறது. வாயிலுக்கு எதிரே நிற்பது 60 அடி உயர மணிக்கூண்டு. விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியை முன்னிட்டு, ஆண்டுக்கு ஓர் அடியாகச் சீனச் செல்வந்தர் ஒருவர் கட்டுவித்தது அது. அதையடுத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால் வைத்த இடம் அதுவே என்பர்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் குயின் வீதி. பூக்கடையும், பித்தளைப் பாத்திரக் கடையும், ஒலிபெருக்கியில் திரைப்பாட்டுமாக, நம் ஊர்க் கடைத்தெரு ஒன்று கடல் கடந்து வந்து உட்கார்ந்தது போலிருக்கும். 1833ஆம் ஆண்டில் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இவ்வீதியில்தான் உள்ளது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. சற்றுத் தள்ளி, 1801இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம் வணிகர்கள், தங்கள் தலைவர் காதர் முகைதீன் தலைமையில் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நாகூர் ஆண்டவரின் பெயரால் ஒரு தர்காவும் இங்கு உண்டு. அதே நெடுஞ்சாலையோடு போனால் சீனரின் கருணைத் தேவி கோயிலும், 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயமும் வரும். நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களையும் ஒரு மணி நேர நடையில் பார்த்துவிடலாம். இந்தப் பழைய நகரை யுனெஸ்கோ 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டணம் கட்டிப் பேருந்தில் செல்வோர் இதே வீதிகளில் இறங்கி, இதே கடைகளைப் பார்ப்பதைக் கண்டபோது எங்களுக்குச் சிறிது பெருமிதம் ஏற்பட்டதென்னவோ உண்மை.

நண்பகல் உணவுக்கு வாழையிலைச் சாப்பாடும் உண்டு, நாசி கண்டாரும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் தண்டு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதிலிருந்து பிறந்த பெயர் அது. சைவ உணவினர் எதையும் கேட்டு உண்பது நலம்.

நாங்கள் செய்த பிழை

நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் ஆயர் ஈத்தாம் என்னும் பகுதியில் பினாங்கு மலையின் அடிவாரம் இருக்கிறது. அங்கிருந்து கம்பியால் இழுக்கப்படும் மலை ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டு சேர்க்கும். 1920களில் தொடங்கிய அந்த ரயில் 2011இல் முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது. மேலே முருகன் கோயில் ஒன்றுண்டு என்று கேட்டதும், ஊரிலிருந்து புறப்படும்போதே எங்கள் தாயார் மனத்தில் அதைக் குறித்துக்கொண்டுவிட்டார்.

நாங்கள் காலை முழுவதும் வீதிகளில் சுற்றினோம். ஒரு மணிக்குச் சாப்பிட்டு, அதன்பின் மலைக்குக் கிளம்பினோம். எட்டு கிலோமீட்டர்தானே என்பது எங்கள் கணக்கு. மேலே சென்று சேர இரண்டரை ஆயிற்று. தாயார் முருகனைக் கண்ட மகிழ்ச்சியில் இருந்தார். மூன்று மணிக்கு மழை பிடித்தது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் பிற்பகல் மழை புதிதன்று. நாங்கள்தான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மழை வந்ததும் மேலே இருந்த அனைவருக்கும் ஒரே நேரத்தில் இறங்கும் எண்ணம் வந்தது. வரிசை நகர்ந்து, அடிவாரத்தை அடைந்தபோது 3.40. செயலியில் கேட்ட கார் வருவதற்குப் பதினைந்து நிமிடம். ஓட்டுநர் தமிழர். “அம்மா, கப்பல் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டபின் வழி முழுவதும் அவர் எதுவும் பேசவில்லை. அந்த மௌனமே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது. துறைமுக வாயிலில் இறங்கியபோது 4.21. எழுபத்திரண்டு வயதுத் தாயாரை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு அந்த நீண்ட நடைபாதையைக் கடந்தோம். அவருடைய மாலை வேளை மாத்திரைகள் கப்பல் அறையில் இருந்தன என்பது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

பிழை தொலைவில் இல்லை; வரிசைமுறையில் இருந்தது. தொலைவான இடத்தை முற்பகலிலும், நடந்து திரும்பக்கூடிய இடத்தைப் பிற்பகலிலும் வைத்திருந்தால், அதே மழை எங்களை ஒன்றும் செய்திருக்காது. குயின் வீதியில் ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றிருப்போம். நாளின் கடைசி இரண்டு மணி நேரம், வாகனத்தின் உதவியின்றியே கப்பலை அடையக்கூடிய இடத்தில் கழிய வேண்டும். கரையில் தனியே இறங்குவோருக்கு நாங்கள் சொல்லக்கூடிய முதல் விதி இதுவே. மற்றவையெல்லாம் இதற்குப் பின்தான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோயில்களில் நண்பகலுக்குமேல் நடை சாத்திவிடுவது வழக்கம். தொழுகை வேளைகளில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில், பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் செல்ல இயலாது. எனவே நகரை முழுவதும் பிற்பகலுக்குத் தள்ளினால் கோயில் தரிசனம் கிட்டாமல் போகலாம். மறுமுறை சென்றால், வெளியே வந்ததும் முதலில் மாரியம்மன் கோயில், பத்து மணிக்குள் அங்கிருந்தே காரில் மலை, பன்னிரண்டரைக்கு இறக்கம், ஒன்றேகாலுக்கு மீண்டும் குயின் வீதியில் சாப்பாடு, பின்னர் கால் போன போக்கில் பழைய வீதிகள் என்று வகுத்துக்கொள்வோம். மலையில் வரிசை நீளமாக இருக்கும் நாட்களில், கூடுதல் கட்டணத்தில் விரைவு வரிசைச் சீட்டும் உண்டு. எந்தச் செலவில் சிக்கனம் காட்டினாலும் அதில் காட்ட வேண்டாம்.

இரண்டு கடிகாரங்கள்

பினாங்கில் இல்லாத ஓர் ஆபத்து புக்கெட்டில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் துறைமுகத்தின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். சில, பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்தையே ‘கப்பல் நேரம்’ என்று வைத்துக்கொள்ளும். கரையில் இறங்கியதும் நம் கைப்பேசி உள்ளூர்க் கோபுரத்திலிருந்து தாய்லாந்து நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அது 3.45 என்று காட்டும்போது கப்பலில் 4.45 ஆகியிருக்கலாம்.

இதற்கு மருந்து மிக எளியது. கைப்பேசியை நம்பாமல், சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றைய தாள் எந்த நேரத்தைக் குறிக்கிறது என்பதை, இறங்கும்போது ஏணியருகே நிற்கும் பணியாளரிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.

புக்கெட்டில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்தோங் கடற்கரைக்கு முன்னால் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து கரைக்குப் படகில்தான் போக வேண்டும். காலையில் படகுக்கு எண் வாங்கிக் காத்திருப்பதில் கப்பலின் சுற்றுலாவில் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது வழக்கம். மாலையில் கடைசிப் படகு புறப்படும் நேரமே நமக்குக் கெடு. படகுத்துறையில் வரிசை நீளும் என்பதால், அங்கே ஒரு மணி நேரக் கையிருப்பை ஒன்றரையாக்குவது நல்லது. கடல் கொந்தளித்தால் கப்பல் தலைவர் அத்துறைமுகத்தையே விட்டுச் செல்லலாம். அதற்குப் பயண ஒப்பந்தம் இடமளிக்கிறது. ஆகவே முன்பணம் கட்டி உள்ளூர் வண்டியையோ வழிகாட்டியையோ ஏற்பாடு செய்வோர், கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பணமும் அட்டையும்

இப்போது விற்கப்படும் பற்று அட்டைகளும் கடன் அட்டைகளும், ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே வங்கிச் செயலியிலோ கிளையிலோ திறந்துகொள்ள வேண்டும். வரம்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இதை வீட்டிலிருந்து புறப்படுமுன் செய்வது எளிது. நடுக்கடலில் செய்யப் போனால், இணையத்துக்குக் கப்பலிடம் தனிக்கட்டணம் கட்டி, வங்கியின் குறுஞ்செய்தி எண்ணுக்காகக் காத்திருக்க நேரும்.

கடையில் அட்டையைக் கொடுத்தால் இயந்திரம் சில வேளைகளில் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா?’ என்று கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அப்போது மாற்று விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கியன்று. அந்த இயந்திரத்தின் பின்னால் இருப்பவர். அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே முடியும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடன் அட்டைகளில் அயல்நாணயச் செலவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பல அட்டைகளில் அது 3.5 விழுக்காடு வரை போகிறது. முன்கூட்டியே பணம் ஏற்றும் பயண அட்டை வாங்குவோர், அதில் ரிங்கிட்டும் தாய்லாந்தின் பாட்டும் இடம்பெற்றுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத நாணயத்தில் செலவிட்டால் அங்கும் ஒரு மாற்றுக் கட்டணம் பிடிக்கப்படும்.

ஒரு பகல் பொழுதுக்குப் பெரிய தொகை ரொக்கமாகத் தேவையில்லை. பேருந்து, தேநீர், சிறு உணவகங்கள், கோயில் உண்டியல் ஆகியவற்றுக்கு வேண்டிய சில்லறை நோட்டுகள் போதும். இரண்டு அட்டைகள் இருந்தால், ஒன்றைக் கப்பல் அறையின் பெட்டகத்திலேயே விட்டுச் செல்லலாம். வங்கியின் வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமின்றி ஒரு தாளிலும் எழுதிக்கொள்வது பழைய பழக்கந்தான். கைப்பேசியே தொலைந்துபோகும் நாளில் அது உதவும்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். கப்பல் கரையை விட்டு விலகியதும் அதில் கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசை சேர்ந்துகொள்ளும். சாதாரண ரோமிங் திட்டங்கள் பல அதை உள்ளடக்குவதில்லை. புறப்படும் சங்கொலி கேட்டதும் விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

தாள்களும், தவறிப்போனால் செய்ய வேண்டியதும்

மலேசியா, தாய்லாந்து நாடுகளின் விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் இந்தியர்களுக்குப் பலமுறை மாறியிருக்கின்றன. ஆகவே சென்ற ஆண்டு போய்வந்த உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்கலாகாது. மலேசியா கேட்கும் மின்னணு வருகை அட்டை நம் கப்பலுக்கும் உரியதா என்பதை நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும். பயணம் சிங்கப்பூரில் தொடங்கிச் சிங்கப்பூரில் முடிவதால், அந்நாட்டின் விசா மீண்டும் நுழைய இடம்தருவதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பல கப்பல்களில் கடவுச்சீட்டை நிறுவனமே வாங்கி வைத்துக்கொள்கிறது. கரைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது மூலமா, நகலா என்பதை அன்றைய தாள் சொல்லும். நகல் போதும் என்றாலும், கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டுப் பத்திரம் மூன்றின் படங்களையும் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். முதியோரின் மருந்தை ஒரு நாளுக்கு அதிகமாகவே கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். இதை நாங்கள் சொல்வதற்குக் காரணம் முன்பே தெரிந்ததுதான்.

அத்தனைக்கும் பிறகு கப்பல் போய்விட்டால், அன்றைய தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணை உடனே அழைக்க வேண்டும். இறங்குமுன் அந்தத் தாளைப் படமெடுத்து வைத்திருந்தால் எண்ணைத் தேட வேண்டியதில்லை. திரும்பாத பயணியின் கடவுச்சீட்டை அந்த முகவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வது பல கப்பல்களின் நடைமுறை. அடுத்த துறைமுகம் வரையிலான செலவு நம்முடையது. பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரந்தான். எனினும் கடைசி நேரத்தில் நால்வருக்குச் சீட்டு வாங்கினால், கரைச் சுற்றுலாவில் மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று என்று தெரியாது. பயணக் காப்பீட்டில் கப்பலைத் தவறவிடுதல் சேர்ந்திருந்தாலும், எந்தக் காரணங்களுக்கு மட்டும் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். ஊர் சுற்றித் தாமதமானது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இராது.

சில துறைமுகங்களில் தனியே செல்ல நாங்கள் துணியமாட்டோம். கப்பல் அட்டவணையில் ‘பாங்காக்’ என்று அச்சிட்டிருக்கும். கப்பல் நிற்பதோ லேம் சபாங் துறைமுகத்தில். அங்கிருந்து பாங்காக் நகரம் 100 கிலோமீட்டருக்கு மேல். நெரிசல் இல்லாவிட்டாலும் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ‘கோலாலம்பூர்’ என்பது உண்மையில் போர்ட் கிள்ளான். இத்தகைய இடங்களில் கப்பல் நிறுவனத்தின் பேருந்துக்குக் கேட்ட கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே மேல். அல்லது நகரை மறந்து, துறைமுகத்தை ஒட்டிய ஊரோடு நின்றுவிடலாம். ஆகவே பயணத்தைப் பதிவு செய்யுமுன் முகவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எந்த ஊருக்குப் போகிறது என்பதன்று. கப்பல் எந்தத் துறைமேடையில் கட்டும், அங்கிருந்து நகருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே. முகவருக்கு விடை தெரியாவிட்டால், துறைமேடையின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நீங்களே வரைபடத்தில் அளந்து பாருங்கள்.